சொந்த இணையதளத்தில் சமூக ஊடக வசதிகள்: எவற்றைச் சேர்க்கலாம், எவற்றை விடலாம்?

ஏரிக்கரையான்:

மன்றத்தாருக்கு வணக்கம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் உள்ள பழைய ஏரிகள், அவற்றின் மதகுகள், கலங்கல்கள், கரையோரக் கல்வெட்டுகள் ஆகியவற்றைப் பற்றி என் சொந்த இணையதளத்தில் தமிழில் எழுதி வருகிறேன். தளம் வேர்ட்பிரஸ் என்னும் தளம் அமைக்கும் மென்பொருளில், பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் குறைந்த கட்டண வழங்கி ஒன்றில் இயங்குகிறது. நான் நிரலாளன் அல்லன்; செருகுநிரலை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை) நிறுவவும், வார்ப்புருக் கோப்பைத் திறந்து சொன்ன இடத்தில் சொன்னதை ஒட்டவும் மட்டும் தெரியும்.

என் வாசகர்களில் பெரும்பாலோர் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகவோ முகநூல் வழியாகவோதான் வருகிறார்கள். ஆனால் கட்டுரையின் தொடுப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமோ தலைப்போ தோன்றுவதில்லை. விழுக்காட்டுக் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்து பல வரிகளுக்கு நீளும் ஏதோ ஒன்று மட்டும் போய்ச் சேர்கிறது. இது மோசடித் தொடுப்போ என்று அஞ்சித் திறக்காமலே விட்டுவிட்டதாக என் உறவினர் ஒருவரே சொன்னார்.

இதைச் சரிசெய்யும் கையோடு வேறு சில வசதிகளையும் தளத்தில் சேர்த்துவிடலாம் என்று எண்ணுகிறேன். கட்டுரையின் அடியில் விருப்பக்குறிகளின் எண்ணிக்கையைக் காட்டும் பகிர்வுப் பொத்தான்கள் வேண்டும். வேர்ட்பிரஸின் பின்னூட்டப் பெட்டியில் ஆள் நடமாட்டமே இல்லாததால், அதற்குப் பதிலாக முகநூலின் கருத்துப் பெட்டியை வைக்கலாமா என்று யோசிக்கிறேன். பக்கப்பட்டையில் என் இன்ஸ்டாகிராம் படங்களும் எக்ஸ் தளப் பதிவுகளும் ஓடிக்கொண்டிருந்தால் தளம் உயிரோட்டமாக இருக்கும் என்றும், புதிய கட்டுரை வெளியானதும் அது எல்லா இடங்களிலும் தானாகவே பதிவானால் என் வேலை குறையும் என்றும் தோன்றுகிறது. இவற்றில் எவை செய்யத் தக்கவை, எவை வீண் வேலை என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

நிரல்வாசி:

ஐயா, வணக்கம். நீங்கள் கேட்ட வசதிகள் எல்லாவற்றையும்விட, கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்ட அந்த வாட்ஸ்அப் சிக்கலே முதன்மையானது. அதைத் தீர்த்துவிட்டால் மற்றவற்றில் பாதி தேவைப்படாமல் போகலாம்.

தொடுப்பைப் பகிரும்போது படமும் தலைப்பும் சுருக்கமும் சேர்ந்த அட்டை ஒன்று தோன்றுகிறதே, அது 2010இல் முகநூல் அறிமுகப்படுத்திய ஓப்பன் கிராஃப் என்னும் முறையால் உருவாவது. பக்கத்தின் எச்டிஎம்எல் தலைப்பகுதியில், வாசகரின் கண்ணுக்குத் தெரியாத சில குறிச்சொற்கள் இருக்க வேண்டும்: தலைப்பு, ஓரிரு வரிச் சுருக்கம், படத்தின் முகவரி, கட்டுரையின் நிலையான முகவரி. முகநூல் மட்டுமன்றி வாட்ஸ்அப், டெலிகிராம், லிங்க்டுஇன், மாஸ்டடான், புளூஸ்கை என்னும் புதிய சமூக ஊடகங்கள் ஆகிய எல்லாமே இவற்றையே படிக்கின்றன. எக்ஸ் தளம் ட்விட்டராக இருந்தபோது 2012இல் தனக்கென்று தனிக் குறிச்சொற்களைக் கொண்டுவந்தது. எனினும் அவை இல்லாத இடத்தில் ஓப்பன் கிராஃபையே எடுத்துக்கொள்ளும். பெரிய படமாகத் தெரிய வேண்டுமென்றால் மட்டும் அட்டையின் வகையைக் குறிக்கும் ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.

வேர்ட்பிரஸ் இந்தக் குறிச்சொற்களைத் தானாக எழுதுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. யோஸ்ட், ரேங்க் மேத், ஜெட்பேக் போன்ற செருகுநிரல்களில் ஏதேனும் ஒன்று எழுதித் தரும். ஒன்றுக்கு மேல் நிறுவினால் ஒரே பக்கத்தில் இரண்டு தலைப்பு, இரண்டு படம் என்று குழப்பம் வரும். ஆகவே ஒன்று போதும். படம் 1200 க்கு 630 பிக்சல் அளவில், 300 கிலோபைட்டைத் தாண்டாமல் இருக்கட்டும். கேமராவிலிருந்து எடுத்த பல மெகாபைட் படத்தை அப்படியே வைத்தால் வாட்ஸ்அப் அதைக் கைவிட்டு வெறும் தொடுப்பை மட்டும் காட்டும். உங்கள் வழங்கியிலோ பாதுகாப்புச் செருகுநிரலிலோ தானியங்கிகளைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். முகநூலின் தானியங்கி பக்கத்தைப் படிக்க வரும்போது வாசலிலேயே மறிக்கப்பட்டால், குறிச்சொற்கள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அட்டை வராது.

குறிச்சொற்களைச் சேர்த்த பிறகும் முகநூல் பழைய வெற்று அட்டையையே காட்டினால் திகைக்க வேண்டாம். அது முன்பு படித்ததைச் சேமித்து வைத்திருக்கும். முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பகிர்வுச் சோதனைப் பக்கத்தில் உங்கள் முகவரியை இட்டு, மீண்டும் படிக்குமாறு பணிக்கலாம். வாட்ஸ்அப்பின் வழி வேறு: அட்டையை அனுப்புபவரின் கைப்பேசியே உருவாக்குகிறது. ஆகவே ஏற்கெனவே போய்விட்ட செய்திகள் மாறா. இனி அனுப்புபவையே அட்டையோடு போகும்.

அடுத்து, அந்த நீண்ட முகவரி. இது தமிழில் எழுதுவோருக்கே உரிய தொல்லை. ஆங்கிலத்தில் எழுதப்படும் வழிகாட்டிகளில் இதைப் பார்க்க முடியாது. ஒருங்குறியின் (யூனிகோடின்) யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளைப் பிடிக்கிறது. முகவரிக்குள் வரும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரிவதால், ஒரு குறியீட்டுக்கு 9 இடங்கள் செலவாகின்றன. ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள் உள்ளன. முகவரியில் அது 45 எழுத்துகளாகிவிடும். இதில் இன்னொரு வினையும் உண்டு. வேர்ட்பிரஸ் தன் தரவுத்தளத்தில் கட்டுரையின் முகவரித் துண்டுக்கு (தலைப்பிலிருந்து உருவாகும் முகவரியின் கடைசிப் பகுதிக்கு) 200 எழுத்துகளே ஒதுக்கியிருக்கிறது. தமிழில் அது ஏறத்தாழ 22 குறியீடுகள்தான். ‘மதுராந்தகம் ஏரியின் மதகுகள்’ என்று தலைப்பிட்டால், கணக்குப்படி ‘மதகு’ என்பதோடு 200 தீர்ந்துவிடும்; பன்மை விகுதி முகவரிக்குள் நுழையாது. இந்த எடுத்துக்காட்டில் நல்வாய்ப்பாகப் பொருளுள்ள சொல்லில் நின்றது. பெரும்பாலும் பாதிச் சொல்லில் துண்டிக்கப்பட்டு நிற்கும்.

தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முகவரித் துண்டை மட்டும் ஆங்கில எழுத்துகளில், ஊர்ப்பெயரும் பொருளும் தெரியும்படி இரண்டு மூன்று சொற்களில், வெளியிடுவதற்கு முன்பே கையால் எழுதிவிடுங்கள். தமிழை முகவரியிலிருந்து விலக்குவதா என்று சிலர் வருந்துவார்கள். உலாவியின் முகவரிப் பட்டையில் தமிழ் அழகாகத்தான் தெரியும். படியெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போதுதான் உங்கள் உறவினரை அச்சுறுத்திய அந்த உருவம் வெளிவருகிறது. பகிரப்படுவதற்காகவே இருக்கும் ஒன்று பகிரும்போது பயமுறுத்துமானால் அதை வைத்திருப்பதில் பயனில்லை என்பது என் கருத்து.

இனி, பொத்தான்கள். ‘பகிர்’ என்பதற்கு எந்தச் செருகுநிரலும் வேண்டியதில்லை. வாட்ஸ்அப், முகநூல், டெலிகிராம், எக்ஸ் ஆகிய ஒவ்வொன்றுக்கும், கட்டுரையின் முகவரியைப் பின்னால் சேர்த்தால் பகிர்வுப் பெட்டியைத் திறக்கும் எளிய தொடுப்பு முகவரி இருக்கிறது. அதைச் சாதாரணத் தொடுப்பாக வைத்தால் போதும். அவர்களுடைய நிரல் ஒரு வரிகூட உங்கள் பக்கத்தில் ஓடாது. இதைவிட நல்லது, உலாவியின் சொந்தப் பகிர்வு வசதியைக் கூப்பிடும் ஒரே ஒரு பொத்தான். கைப்பேசியில் அதைத் தொட்டால், வாசகர் எந்தெந்தச் செயலிகளை வைத்திருக்கிறாரோ அவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நாம் ஊகித்துப் படம் அடுக்க வேண்டியதில்லை. தளம் எச்டிடிபிஎஸ் என்னும் பாதுகாப்பான முகவரியில் இருக்க வேண்டும், வாசகர் தொட்ட பிறகே அழைக்க வேண்டும் என்பவை மட்டுமே நிபந்தனைகள். மேசைக் கணினியின் ஃபயர்பாக்ஸ் போன்ற சில உலாவிகளில் இது இல்லாததால், அங்கே ‘தொடுப்பைப் படியெடு’ என்ற பொத்தான் தோன்றும்படி செய்துவிடலாம்.

விருப்பக்குறிகளின் எண்ணிக்கை வேண்டாம் என்பேன். ட்விட்டர் தன் பகிர்வு எண்ணிக்கையை 2015 நவம்பரிலேயே நிறுத்திவிட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டபோது அதன் எண்களும் கூடவே போயின. முகநூலின் விருப்பப் பொத்தானையும் கருத்துப் பெட்டியையும் வெளித் தளங்களில் நிறுத்துவதாக மெட்டா 2025இல் அறிவித்து, 2026 பிப்ரவரி 10ஐக் கெடுவாகக் குறித்தது. அதன் பிறகு அவை பிழைச் செய்தி ஏதுமின்றிக் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடமாகிவிடும் என்பதே அறிவிப்பு. ஆகவே கருத்துப் பெட்டி பற்றிய உங்கள் கேள்விக்கும் இதுவே விடை. நம் தமிழ் வலைப்பதிவுகளின் அடியில் ஒரு காலத்தில் தமிழ்மணம் வாக்குப்பட்டையும் இன்ட்லி பொத்தானும் இருந்தது நினைவிருக்கலாம். அந்தத் திரட்டிகளின் காலம் முடிந்த பிறகும் பழைய வார்ப்புருக்கள் பலவற்றில் அவற்றின் நிரல் துண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

---

ரைன்கரை வாசகி:

ஜெர்மனியில் சிறு நிறுவனங்களுக்கு இணையதளம் அமைத்துத் தரும் பணியில் இருக்கிறேன். நிரல்வாசி சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிற நிறுவனத்தின் நிரலை நம் பக்கத்தில் ஒட்டினால், அங்கே வந்து படிக்கும் ஒவ்வொருவரின் ஐபி முகவரியும் உலாவி விவரமும் அந்த நிறுவனத்துக்குப் போய்விடுகின்றன. வாசகர் பொத்தானைத் தொட வேண்டும் என்பதில்லை. அவருக்கு முகநூலில் கணக்குக்கூட இருக்க வேண்டியதில்லை. பக்கம் திறந்தாலே போதும்.

இங்கே இது நீதிமன்றம் வரை போன செய்தி. ஃபேஷன் ஐடி என்ற ஆடை விற்பனைத் தளம் முகநூலின் விருப்பப் பொத்தானைத் தன் பக்கத்தில் வைத்திருந்ததை ஒரு நுகர்வோர் அமைப்பு எதிர்த்தது. அந்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 ஜூலை 29 அன்று தீர்ப்பளித்தது: தரவைத் திரட்டி முகநூலுக்கு அனுப்பும் கட்டத்தில், பொத்தானைப் பதித்த தளத்தின் உரிமையாளரும் முகநூலோடு சேர்ந்து பொறுப்பாளி, அதற்குப் பிறகு முகநூல் அந்தத் தரவை என்ன செய்கிறது என்பதற்கு மட்டும் அவர் பொறுப்பல்லர்.

‘என்னுடையது வெறும் தனிப்பட்ட பக்கம்தானே’ என்ற வாதமும் இங்கே எடுபடாது. சுவீடனில் ஒரு தேவாலயத்துக்குத் தொண்டாற்றிய லிண்ட்க்விஸ்ட் என்ற பெண்மணி, உடன் பணியாற்றியோரைப் பற்றித் தம் சொந்தப் பக்கத்தில் எழுதிய வழக்கில், எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடுவது வீட்டுக்குள் நடக்கும் தனிச் செயலாகாது என்று அதே நீதிமன்றம் 2003இல் கூறிவிட்டது. உங்கள் தளம் செங்கல்பட்டிலிருந்து இயங்கலாம்; ஐரோப்பியச் சட்டம் உங்களை நேரடியாகக் கட்டாமலும் போகலாம். ஆனால் ஏரிகளைப் பற்றிப் படிக்க வரும் என்னைப் போன்ற வாசகர்களை எந்த நிறுவனத்துக்குக் காட்டிக்கொடுக்கிறோம் என்ற கேள்வி, எந்த ஊரில் தளம் இருந்தாலும் எழக்கூடியதே.

இதற்கு இங்கே கண்ட தீர்வு எளியது. ஹைஸே பதிப்பகத்தின் கணினி இதழ் ஒன்று 2011இலேயே ‘இரண்டு சொடுக்கு’ முறையை முன்வைத்தது. முதலில் தெரிவது வெறும் படம். வாசகர் அதைச் சொடுக்கி இசைவு தந்த பிறகே உண்மையான பொத்தான் வந்து அமரும். 2014இல் அதே இதழ் ஷாரிஃப் என்ற பெயரில் இன்னும் திருத்தமான வடிவத்தை வெளியிட்டது. அதில் வாசகரின் உலாவி முகநூலோடு பேசுவதே இல்லை. நீங்கள் யூடியூப் காணொளிகளைப் பதிப்பதானால் இந்த முறையையே கையாளலாம்: காணொளியின் நிலைப்படத்தை உங்கள் வழங்கியில் வைத்து, சொடுக்கிய பிறகு மட்டும் இயக்கியைக் கொண்டுவாருங்கள். அதையும் யூடியூபின் ‘நோகுக்கி’ முகவரியிலிருந்து எடுங்கள். பக்கமும் விரைவாகத் திறக்கும். ஊர்ப்புறத்தில் மெதுவான இணைப்பில் படிப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

இன்ஸ்டாகிராம் படவரிசையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தனிநபர் கணக்குகளின் படங்களை வெளித் தளங்களில் காட்ட உதவிய பழைய இடைமுகத்தை (வெளி நிரல்கள் நுழையும் வழியை) 2024 டிசம்பர் 4 அன்று மூடிவிட்டார்கள். இப்போது தொழில்முறைக் கணக்காக மாற்றி, மெட்டாவின் உருவாக்குநர் பக்கத்தில் ஒரு செயலியைப் பதிந்து, 60 நாள்களுக்குள் அனுமதிச் சாவியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதுப்பிக்க மறந்தால் பக்கப்பட்டை காலியாக நிற்கும். படங்கள் உங்களுடையவை, அவற்றை உங்கள் தளத்திலேயே ஏற்றிவிட்டு, இன்ஸ்டாகிராம் கணக்குக்கு ஒரு தொடுப்புத் தந்தால் முடிந்தது.

---

ஏரிக்கரையான்:

இருவருக்கும் மிக்க நன்றி. பொத்தான்களிலும் படவரிசையிலும் தெளிவு பிறந்துவிட்டது. எஞ்சியிருப்பவை இரண்டு. கட்டுரை வெளியானதும் பிற தளங்களில் தானாகப் பதிவாக வழி உண்டா? அங்கே நடக்கும் உரையாடலை என் தளத்துக்குக் கொண்டுவர முடியுமா? முகநூலில் ஓர் ஏரியின் பழைய பெயரைப் பற்றி உள்ளூர்ப் பெரியவர்கள் அரிய செய்திகளைப் பின்னூட்டமாக எழுதுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து நானே தேடினாலும் அவை அகப்படுவதில்லை.

---

ஓடைக்காரன்:

சொந்தத் தளத்தையே முன்னிறுத்தும் இண்டிவெப் இயக்கத்தினர் இதற்கு ஒரு கொள்கை வைத்திருக்கிறார்கள்: முதலில் உன் தளத்தில் வெளியிடு, பிறகு பிற இடங்களில் பரப்பு. மூலம் எப்போதும் உங்களிடம் இருக்கும். மற்றவை எல்லாம் அதற்குத் தொடுப்புக் கொடுக்கும் படிகள். இது நடைமுறையில் எவ்வளவு இயலும் என்பது தளத்துக்குத் தளம் மாறும்.

முகநூலில் கதவு பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. தனிநபர் சுயவிவரத்தில் வெளிச் செயலிகள் பதிவிடுவதை 2018 ஆகஸ்டு 1 முதல் நிறுத்தினார்கள். குழுக்களுக்கான இடைமுகத்தை 2024இல் எடுத்துவிட்டார்கள். ‘பக்கம்’ ஒன்றைத் தொடங்கினால் அதில் மட்டும் ஜெட்பேக் போன்றவற்றின் வழியே தானாகப் பதியலாம். உங்கள் சுயவிவரத்திலும் குழுக்களிலும் கையால் இடுவதே வழி. அதுவும் குறையன்று: குழுவில் ஒரு மனிதர் இரண்டு வரி எழுதித் தரும் தொடுப்புக்குக் கிடைக்கும் கவனம் வேறு. எக்ஸ் தளத்தின் இடைமுகத்துக்கு இருந்த இலவச அணுக்கத்தை முடிப்பதாக 2023 பிப்ரவரியில் அறிவித்தார்கள். தொடர்ந்து அதே ஆண்டில் ஜெட்பேக்கிலிருந்து எக்ஸுக்கான தானியங்கிப் பகிர்வு நீங்கியது. பக்கப்பட்டையில் எக்ஸ் பதிவுகளை ஓடவிடும் எண்ணத்தையும் கைவிடுங்கள். அங்கே கணக்கில் நுழையாத வாசகருக்கு அது வெறுமையாகவோ வரிசை குலைந்தோ தெரியக்கூடும்.

மாஸ்டடானும் புளூஸ்கையும் திறந்த இடைமுகம் கொண்டவை. வேர்ட்பிரஸுக்கு ஆக்டிவிட்டிபப் என்ற செருகுநிரல் இருக்கிறது. 2023இல், ஜெட்பேக்கை உருவாக்கும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் அதைத் தன்வசப்படுத்தி வளர்த்து வருகிறது. அதை நிறுவினால் உங்கள் தளமே மாஸ்டடானிலிருந்து பின்தொடரத்தக்க ஒரு கணக்காகிவிடும். அங்கே ஒருவர் மறுமொழி எழுதினால் அது உங்கள் கட்டுரையின் அடியில் சாதாரணப் பின்னூட்டமாகவே வந்து சேரும். நீங்கள் கேட்ட ‘உரையாடலைக் கொண்டுவருதல்’ என்பது இதுதான். இதன் அடித்தளமான நெறிமுறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018 ஜனவரியில் பரிந்துரையாக ஏற்றது. அதற்கு ஓராண்டு முன்பு, 2017 ஜனவரியில், வெப்மென்ஷன் என்ற எளிய நெறிமுறையையும் ஏற்றிருந்தது: வேறொரு தளத்தார் உங்கள் கட்டுரைக்குத் தொடுப்புக் கொடுத்தால், அவருடைய தளம் உங்கள் தளத்துக்கு அதைத் தெரிவிக்கும். பழைய வலைப்பதிவர்களுக்கு டிராக்பேக், பிங்பேக் ஆகியவை நினைவுக்கு வரும்; அவற்றின் திருந்திய வாரிசு இது. பிரிட்ஜி என்ற இலவசச் சேவை மாஸ்டடான், புளூஸ்கை ஆகியவற்றில் வரும் மறுமொழிகளை வெப்மென்ஷனாக மாற்றி அனுப்பித் தரும். முகநூலுக்கும் முன்பு செய்துவந்தது. 2018இன் கட்டுப்பாடுகளுக்குப் பிறகு அது முடியாமல் போயிற்று.

ஆகவே முகநூலில் பெரியவர்கள் எழுதுவதைத் தானாக இழுத்துவர வழியில்லை. அவர்களிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டு, அவர்கள் விரும்பும் பெயரோடு, கட்டுரையின் இறுதியில் ‘வாசகர் தந்த செய்திகள்’ என்று நீங்களே எழுதிச் சேருங்கள். ஏரியின் பழைய பெயர் போன்ற செய்திக்கு அதுவே தக்க இடம். தானியங்கி கொண்டுவரும் நூறு விருப்பக்குறிகளைவிட அது மேலானது.

புளூஸ்கைக்குச் சொந்தமாக நிரல் எழுதிப் பதிவிட நினைக்கும் மற்றவர்களுக்கு, தமிழ் தொடர்பான ஓர் எச்சரிக்கை. அங்கே பதிவுக்குள் எந்தச் சொல் தொடுப்பாக வேண்டும் என்பதை எழுத்துகளின் எண்ணிக்கையால் குறிக்கக் கூடாது. யுடிஎஃப்-8 பைட்டுகளின் எண்ணிக்கையால் குறிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றே என்பதால் அங்கே யாருக்கும் தெரியவராது. தமிழில் ‘ஏரி’ என்பது 3 குறியீடு, 9 பைட்டு; எழுத்தை எண்ணினால் தொடுப்பு எங்கோ முன்னால் போய் ஒட்டிக்கொள்ளும். நீள வரம்பும் ஒரே அளவுகோலில் இல்லை. எக்ஸ் தளத்தின் 280இல் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் ‘மதகுகள்’ 7 ஆகும். புளூஸ்கையின் 300இல் கண்ணுக்குத் தெரியும் எழுத்தே கணக்கு என்பதால் அது 5தான்.

---

செம்பருத்தி:

எல்லாரும் நுட்பத்தைப் பேசுகிறீர்கள். நான் வாசகர் பக்கம் நின்று கொஞ்சம் மாறுபடுகிறேன். என் ஊரில் ஏரியைப் பற்றிப் படிக்க விரும்புபவர்கள் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். அவர்களில் ஒருவர்கூட மாஸ்டடானைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். முகநூலில் எழுதினால் அங்கேயே படித்து அங்கேயே பதில் எழுதுகிறார்கள். ‘முழுவதும் படிக்கத் தொடுப்பைச் சொடுக்கவும்’ என்றால் நகர்ந்துவிடுகிறார்கள். எனவே முழுக் கட்டுரையையும் முகநூலிலேயே இடுங்கள். இணையதளத்தைச் சேமிப்பகமாக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு வாட்ஸ்அப் சேனல் தொடங்குங்கள். இந்தியாவில் 2023 செப்டம்பர் முதல் அந்த வசதி இருக்கிறது; பின்தொடர்பவர்களின் எண் பிறருக்குத் தெரியாது என்பதால் பெண்கள் தயங்காமல் சேர்கிறார்கள். தளத்தின் தலைப்பில் சேனலுக்கு ஒரு தொடுப்பு இருந்தால், எந்தச் செருகுநிரலும் செய்யாத வேலையை அது செய்யும்.

---

நிரல்வாசி:

அம்மா, சேனல் யோசனையை முழுமையாக ஏற்கிறேன். இந்தத் திரியில் வந்த யோசனைகளில் செலவில்லாமல் அதிகப் பயன் தரக்கூடியது அதுதான். முழுக் கட்டுரையை முகநூலில் இடுவதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. ஏரிக்கரையான் ஐயாவின் கட்டுரைகளில் கல்வெட்டு வரிகள், அடிக்குறிப்புகள், நிலப்படங்கள் இருக்கும். முகநூல் பதிவில் இவற்றை வைக்க இடமில்லை, பின்னர் திருத்தினால் பகிரப்பட்ட படிகளைத் திருத்தவும் வழியில்லை. நடுவழி ஒன்று உண்டு: முதல் இரண்டு மூன்று பத்திகளைத் தன்னளவில் நிறைவான செய்தியாக முகநூலில் எழுதுங்கள். அதை மட்டும் படித்துவிட்டுப் போகிறவருக்கும் ஏதோ கிடைக்கும். கல்வெட்டின் மூலவரியைத் தேடுகிறவர் தொடுப்பைத் திறப்பார்.

அட்டைப் படத்தைப் பற்றி முன்பு சொல்ல விட்டுப்போனது ஒன்று. கட்டுரையின் தலைப்பைப் படத்தின் மேலேயே எழுதிவைப்பது நல்லது. 2023 அக்டோபரில் எக்ஸ் தளம் அட்டைகளிலிருந்து தலைப்பையே எடுத்துவிட்டபோது, படத்தில் தலைப்பு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் இழப்பில்லை. ஆனால் தலைப்பைத் தானாகப் படத்தில் எழுதித் தரும் செருகுநிரல்களைத் தமிழில் சோதிக்காமல் நம்பாதீர்கள். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஎச்பி மொழியோடு வரும் ஜிடி என்னும் பட நூலகம் எழுத்துகளை ஒருங்குறி வரிசைப்படி அப்படியே அடுக்கும். ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் வர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ‘தெ’ என்பதில் தகரம் முன்னும் கொம்பு பின்னுமாக நிற்கும். ‘கொ’ இன்னும் மோசம். பைத்தான் நிரல்மொழியின் பில்லோ நூலகத்திலும் ராக்கம் என்ற துணை நூலகம் இணைந்திருந்தால்தான் சரியாக வரும். உலாவியில் தலைப்பை எழுதித் திரைப்பிடிப்பு எடுத்தாலோ, கையால் ஒரு வடிவமைப்பு மென்பொருளில் செய்தாலோ எழுத்து குலையாது.

---

ஏரிக்கரையான்:

அனைவருக்கும் நன்றி. முகவரித் துண்டுகளை ஆங்கில எழுத்துகளுக்கு மாற்றுவது, ஓப்பன் கிராஃப் செருகுநிரல், ஒரே ஒரு பகிர்வுப் பொத்தான், வாட்ஸ்அப் சேனல், ‘வாசகர் தந்த செய்திகள்’ பகுதி ஆகியவற்றோடு தொடங்குகிறேன். வேர்ட்பிரஸ் பின்னூட்டப் பெட்டி இருந்தபடியே இருக்கட்டும். ஆக்டிவிட்டிபப்பை அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். ஓர் ஐயம் மட்டும்: முன்பு வெளியான கட்டுரைகளின் முகவரியை இப்போது மாற்றினால், முகநூலிலும் குழுக்களிலும் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் தொடுப்புகள் செத்துவிடாவா?

---

நிரல்வாசி:

சாகா. வெளியான ‘பதிவு’ ஒன்றின் முகவரித் துண்டை மாற்றினால், வேர்ட்பிரஸ் பழையதைக் குறித்துவைத்துக்கொண்டு, அதைத் தேடி வருபவரைப் புதிய முகவரிக்குத் தானாகவே அனுப்பிவிடும். ‘பக்கம்’ என்ற வகையில் எழுதியவற்றுக்கு மட்டும் இது நடக்காது. அவற்றுக்கு ரீடைரக்‌ஷன் செருகுநிரலில் பழையதும் புதியதுமாகக் கையால் எழுத வேண்டும். எனவே முதலில் எவை பதிவுகள், எவை பக்கங்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பதிவை மட்டும் மாற்றிவிட்டு, யாரேனும் ஒருவரின் பழைய வாட்ஸ்அப் செய்தியிலிருந்தே அதைத் திறந்து பாருங்கள். சரியாகப் போய்ச் சேர்ந்தால் மற்றவற்றை மாற்றலாம். மாற்றுவதற்கு முன் தரவுத்தளத்தை ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளவும்.